ஆங்கிலத்தின் திசைவழக்கு: தேக்காவிலிருந்து ஒரு பார்வை



இந்தப் பொதுச் சொற்பொழிவு வரிசையில் பேச என்னை அழைத்தபோது, தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே தந்தார்கள். ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. தமிழுக்கென அமைந்த மேடையில் ஆங்கிலத்திற்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்ப்பது என் கடன். ஆங்கிலம் இந்தத் தீவில் என்ன ஆயிற்று என்பதை அறியாமல், தமிழ் இங்கே என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதை நம்மால் அறிய இயலாது என்பது முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் நான் அடைந்த முடிவு.

தேக்காவிலிருந்து தொடங்குகிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் செல்லும் இரு சிறு தெருக்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றன் பெயர் பஃப்பலோ சாலை. மற்றொன்றன் பெயர் கெர்பாவ் சாலை. முதலாவது ஆங்கிலம், இரண்டாவது மலாய்; பொருள் ஒன்றே, எருமை. இப்பகுதியில் கால்நடை வாணிகம் செழித்த காலத்தின் சுவடு அது. மகப்பேற்று மருத்துவமனையை இன்றும் ‘கேகே’ என்கிறோமே, அவ்விரண்டு எழுத்துகளிலும் கண்டாங் கெர்பாவ் என்ற எருமைத் தொழுவம் ஒளிந்திருக்கிறது. ‘தேக்கா’ என்பதோ ஹொக்கியன் சொல். சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படுவது. சற்றுத் தள்ளி நடந்தால் கிளைவ் தெரு, கேம்பல் சந்து, ஹேஸ்டிங்ஸ் சாலை என இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரின் பெயர்கள். கால் மணி நேர நடையில் பல மொழிகளின் வரலாறு காலடியில் கிடக்கிறது.

சந்தையின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1982இல் புதிய கட்டடம் எழுந்தபோது அதற்கு ‘சூஜியாவ்’ நிலையம் என்று பெயரிட்டார்கள். தேக்கா என்ற ஹொக்கியன் பெயரின் மாண்டரின் வடிவம் அது. பலகையில் சூஜியாவ் என்று எழுதியிருந்தது. மக்கள் வாயில் தேக்கா என்றே இருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எவரும் பலகையைப் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் பலகைதான் மாற்றப்பட்டது. மொழிக் கொள்கையைப் பற்றி நூல்கள் பல உண்டு. எனினும் வழக்கின் வலிமையை மாணவர்க்கு விளக்க இந்த ஒரு பெயர்ப்பலகையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வழக்கு என்ற சொல்லைக் கருதியே பயன்படுத்துகிறேன். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தார் தத்தம் குறிப்பில் வழங்கியவை திசைச்சொற்கள். குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்றனர். பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்றனர். தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் ‘பெற்றம்’ என்றனர் என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். நான் வியப்பது, அவற்றைப் பிழை என்று அவர்கள் தள்ளவில்லை என்பதைத்தான். ‘அந்த நிலத்தார் அவ்வாறு கூறுவர்’ என்று சொல்லிச் சொல்லதிகாரத்தில் இடம் கொடுத்தார்கள். செந்தமிழ் இது என்ற தெளிவும் இருந்தது. திசைவழக்கிற்கு இலக்கணத்தில் ஓர் இருக்கையும் இருந்தது.

இன்றைய ஆங்கிலத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில் ஒரு தீவுக்குள் சில பத்து இலட்சம் பேர் பேசிய மொழி அது. இன்று அதற்குப் பன்னிரு நிலமன்று, நூறு நிலம். காசுமீரத்தில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரஜ் கச்ரு என்ற அறிஞர் 1980களில் இதை மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்றவை உள்வட்டம். குடியேற்ற ஆட்சியின் வழியே ஆங்கிலத்தைப் பெற்று அதை ஆட்சி, கல்வி, இலக்கியம் ஆகியவற்றில் வேரூன்றச் செய்த இந்தியா, இலங்கை, நைஜீரியா, சிங்கப்பூர் போன்றவை வெளிவட்டம். சீனா, ஜப்பான் போல அதை அயல்மொழியாகக் கற்பவை விரியும் வட்டம். வெளிவட்டத்தார் பேசுவது குறைபட்ட ஆங்கிலம் அன்று, அதற்கும் தனக்கென நெறிகள் உண்டு என்பதே அவர் வாதத்தின் உயிர். ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதைச் சென்னையில் ஒருவர் ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’ என்கிறார். அந்த ‘ஒன்லி’ ஆங்கில அகராதியின் ‘மட்டும்’ அன்று, நம் ‘தான்’. சகலைக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாததால் ‘கோ-பிரதர்’ என்று ஒன்றைப் படைத்துக்கொண்டார்கள். உறவுமுறையில் நுட்பம் மிக்க ஒரு சமூகம், அந்த நுட்பமில்லாத மொழியைத் தன் வீட்டிற்கு ஏற்பத் தைத்துக்கொண்டது.

சிங்கப்பூருக்கு ஆங்கிலம் வந்த வழியையும் நாம் மறந்துவிடுகிறோம். அது இலண்டனிலிருந்து நேராக வரவில்லை. 1867 வரை இத்தீவு இந்திய அரசாங்கத்தின் கீழ், கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. ஆகவே இங்கு இறங்கிய ஆங்கிலம் முன்னரே இந்தியாவில் பழகி, நம் சொற்களை மடியில் கட்டிக்கொண்டு வந்த ஆங்கிலம். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற பண்டகசாலைகளுக்கு ‘கோடவுன்’ என்று பெயர். தமிழின் ‘கிடங்கு’, தெலுங்கின் ‘கிடங்கி’ ஆகியவற்றோடு தொடர்புடையதாகி, மலாயின் ‘கெடோங்’ வழியே ஆங்கிலத்தில் அது நுழைந்தது என்று 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி கருதுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; தமிழகத்தை அறிந்தவர். கிடங்கு கடல் கடந்து கோடவுனாகி, மீண்டும் நம்மிடமே ‘குடோன்’ என்று வந்து சேர்ந்தது. வந்தவனை நாம் அடையாளம் காணாமல், ‘குடோன் என்று எழுதாதே, கிடங்கு என்று எழுது’ என்று மாணவரைத் திருத்துகிறோம். திருத்துவது சரியே. ஆயினும் அவன் நம் வீட்டுப் பிள்ளை என்பதையும் சொல்லித் திருத்தலாம்.

இன்னொன்று. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவரைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட கட்டடம் அது. அதன் சுவருக்குப் பூசிய பூச்சின் பெயர் ‘மெட்ராஸ் சுனம்’. சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசிப் பளிங்குபோல் தேய்த்தார்கள். சுண்ணம் என்ற நம் சொல் ஆங்கிலச் சொல்லாகி ஒரு பேராலயத்தின் சுவரில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூசிய கைகளின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

கல்வியின் வழியாக வந்த கதை வேறு. 1823இல் இராஃபிள்ஸ் இங்கே சிங்கப்பூர்க் கல்விக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டினார். அதே 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் ஓர் உயர்கல்விக்கூடம் நிறுவினார்கள். சிங்கப்பூரில் 1834இல் திறக்கப்பட்ட ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இருந்தது; ஆசிரியரும் நூலும் இன்றி அது நெடுநாள் நீடிக்கவில்லை. வட்டுக்கோட்டையிலோ ஆங்கிலமும் தமிழும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. அங்குப் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வி ஒருவரைத் தமிழிலிருந்து பிரிக்கும் என்று அஞ்சுவோர் அவரை நினைத்துக்கொள்ளலாம். அவ்வாறு ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் பின்னாளில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுத்தர்களாகவும் இரயில்வே ஊழியர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். 1966இல் நம் தேசிய உறுதிமொழியை ஆங்கிலத்தில் வரைந்த சி. இராஜரத்தினம் பிறந்த ஊரும் அதே வட்டுக்கோட்டைதான்.

சரி, இந்த ஆங்கிலம் எப்போது தெருவிலிருந்து வீட்டிற்குள் நுழைந்தது? என் பாட்டி காலத்தில் தேக்காச் சந்தையின் பொதுமொழி ஆங்கிலம் அன்று, பசார் மலாய். பாட்டி மீன்காரச் சீனரிடம் பேசியதும், அவர் பாட்டியிடம் விலை குறைத்ததும் மலாயில்தான். இருவருக்கும் அது தாய்மொழி அன்று. இருவருக்கும் அதில் கூச்சமும் இல்லை. நாடு விடுதலை பெற்று நான்கு மொழிகள் அதிகாரத்துவ மொழிகளாயின. பள்ளிகள் நான்கு மொழிகளிலும் நடந்தன. பெற்றோர் வேலைவாய்ப்பைக் கருதி ஆங்கிலப் பள்ளியை நாடினார்கள். தமிழ்வழிக் கல்வி அளித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. இதை இந்த அவை நன்கறியும்; விரித்துரைக்கத் தேவையில்லை.

அறியாத, அல்லது நாம் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் இலக்கண ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோதே, இடைவேளையில் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் வேறோர் ஆங்கிலத்தைச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சீனப் பிள்ளை தன் தொடரமைப்பைக் கொண்டுவந்தான். மலாய்ப் பிள்ளை சொற்களைக் கொண்டுவந்தாள். நம் பிள்ளையும் ஏதோ கொண்டுசென்றான். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை ஆராய்ந்த அந்தியா ஃப்ரேசர் குப்தா 1994இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘மாற்றாந்தாய் மொழி’ என்று பொருள்படும் பெயரிட்டார். மாற்றாந்தாயும் வளர்த்தால் தாய்தானே.

அதுதான் சிங்லிஷ். அதில் நம் பங்கு சிறிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹொக்கியனும் கான்டனீஸும் மலாயுமே அதன் பெரும்பங்காளிகள். ஆனால் அந்தச் சிறு பங்கும் சுவையானது. சில்வியா தோ என்ற இதழாளர் 1982இல் சிங்லிஷைப் பற்றி நகைச்சுவையோடு எழுதிய புகழ்பெற்ற நூலின் பெயர் ‘ஏ, குண்டு!’ நம் ‘குண்டு’ அங்கே உடற்பருமனை விட்டு மந்தபுத்தியைக் குறிக்கச் சென்றுவிட்டது. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் இருந்த சிறு கடைகளை எல்லா இனத்தவரும் ‘மாமா ஷாப்’ என்றார்கள். கடை நடத்திய தமிழ் முஸ்லிம்களின் முறைப்பெயர் அது. ஒரு சீன மூதாட்டி ‘மாமா’ என்று கூப்பிட்டு வெங்காயம் வாங்கிய நாட்டில் நாம் வளர்ந்தோம்.

தமிழாசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது சிங்லிஷின் இடைச்சொற்கள். ‘ஹி நாட் கம்மிங்’ என்ற ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈற்றில் ‘லா’ சேர்ந்தால், ‘வரமாட்டான், விடு’ என்று பேச்சு முடிகிறது. ‘லோர்’ சேர்ந்தால், ‘வரவில்லை, என்ன செய்வது’ என்று தோள் தளர்கிறது. ‘மே’ சேர்ந்தால், ‘வரவில்லையா என்ன?’ என்று ஐயமும் வியப்பும் பிறக்கின்றன. ‘ஹோர்’ சேர்ந்தால், ‘வரமாட்டான், அப்படித்தானே?’ என்று கேட்போரைத் துணைக்கு அழைக்கிறது. ‘வாட்’ சேர்ந்தால், ‘அவன்தான் வரவில்லையே!’ என்று எதிராளியின் கூற்றை மறுக்கிறது. தொடர் ஒன்று, மனநிலை ஐந்து. தனித்து நின்றால் இவற்றிற்குப் பொருள் சொல்ல இயலாது. இன்னொரு சொல்லைச் சார்ந்து நின்றால் தொடரின் பொருளையே திருப்பிவிடும்.

இதைப் படிக்கும்போது இடையியல் நினைவுக்கு வராத தமிழாசிரியர் உண்டா? கழிவு, ஆக்கம், ஒழியிசை என ‘மன்’னுக்கு மூன்று பொருள்; விழைவு, காலம், ஒழியிசை எனத் ‘தில்’லுக்கு மூன்று; ஐயத்திற்குக் ‘கொல்’; ‘உம்’முக்கு எட்டு. ஓரசைச் சொற்களின் மனநிலைகளை இவ்வளவு நுணுகிப் பகுத்த ஓர் இலக்கண மரபை உடைய நாம், பேருந்தில் ஒரு மாணவன் ‘லா’ என்றும் ‘லோர்’ என்றும் பேசுவதைக் கேட்டு ‘அரைகுறை ஆங்கிலம்’ என்று முகம் சுளிக்கிறோம். ‘மே’ என்பது அவனது ‘கொல்’. அவன் ‘ஈட் ஆல்ரெடி’ என்று சொன்னால் அந்த ‘ஆல்ரெடி’ ஆங்கிலேயரின் ‘முன்னரே’ அன்று. செயல் முடிந்தது என்பதைக் காட்டும் குறி. சீனத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ‘சாப்டாச்சு’ என்று சொல்லிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அதில் அயன்மை ஏதும் இருந்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் தோங், ‘புவா சூ காங்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகனைச் சுட்டிச் சிங்லிஷ் பரவுவதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். மறு ஆண்டு ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. அந்தக் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். வசதியும் கல்வியும் உள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு ஆங்கிலமும் பேசும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மாற்றிக்கொள்ளும். சிங்லிஷ் ஒன்றே தெரிந்த பிள்ளை நேர்முகத் தேர்வின் வாசலில் நிறுத்தப்படும். சிங்லிஷைக் கொண்டாடிக் கட்டுரை எழுதுவோர் அந்தக் கட்டுரைகளை இலக்கண ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதையும் நான் கவனிக்காமலில்லை. இலக்கியத் திறனாய்வாளர் குவீ லீ சுய் 2017இல் சிங்லிஷைப் பற்றிய நூல் ஒன்றையே சிங்லிஷில் எழுதினார், அவர் விதிவிலக்கு. இதற்கிடையில் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 2000இல் ‘லா’வையும், 2016இல் ‘ஷியோக்’, ‘லெபாக்’ முதலிய சொற்களையும் சேர்த்துக்கொண்டது. உள்ளூரில் ஒதுக்கிய சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் இருக்கை கிடைத்தது. இவ்வகை ஏற்பை நாம் சற்று மிகையாகவே மதிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பேசுவோர் ஏற்றுக்கொண்ட நாளில்தான் ஒரு சொல் சொல்லாகிறது.

இயக்கம் நடந்தது, சிங்லிஷும் நடந்தது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களுள் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் பேசுவது ஆங்கிலம். 2010இல் அது 32.3 விழுக்காடு. தமிழை அவ்வாறு பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். கச்ருவின் வெளிவட்டத்தில் சிங்கப்பூர் இனி அடங்காது. ஏறத்தாழப் பாதி வீடுகளில் குழந்தை கேட்கும் முதல் மொழியாகவே அது ஆகிவிட்டது. அவ்வீடுகளில் பேசப்படுவது வானொலிச் செய்தியின் ஆங்கிலமா? இல்லை. குழந்தை அடம்பிடிப்பதும், தாய் அதட்டுவதும், அண்ணனும் தங்கையும் சண்டையிடுவதும் பெரும்பாலும் அந்தத் திடல் ஆங்கிலத்தில்தான். எந்த வழக்கை நாம் சீரழிவு என்றோமோ, அந்த வழக்கின் வழியாகவே ஆங்கிலம் இந்த நாட்டின் வீட்டுமொழியாயிற்று.

இப்போது தமிழுக்கு வருகிறேன். என் வீட்டுக் காட்சி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளியன்று, என் பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரு விளையாட்டுப் பொருளுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். சொற்கள் பறந்தன. குறும்பு, கேலி, பொய்யழுகை எல்லாம் இருந்தன; எல்லாம் சிங்லிஷில். அப்போது என் துணைவியார் அறைக்குள் வந்தார். பேத்தி சட்டென்று நிமிர்ந்து, முகத்தை மாற்றிக்கொண்டு, ‘பாட்டி, நீங்கள் உணவு உண்டீர்களா?’ என்று கேட்டாள். பிழையற்ற தமிழ். வாய்மொழித் தேர்வில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். பாட்டி சிரித்துவிட்டார். குழந்தைக்கு ஏன் சிரிக்கிறார் என்று விளங்கவில்லை. தவறாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்து, அன்று முழுவதும் அவள் பாட்டியிடம் தமிழில் வேறெதுவும் பேசவில்லை.

அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்குண்டு. ‘சாப்டீங்களா’ என்று எழுதிய எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரைத் தாளில் சிவப்பு மையால் அடித்து ‘உண்டீர்களா’ என்று எழுதியவன் நான். எழுத்தில் திருத்தியது என் கடமை. ஆனால் வாய்ப்பேச்சிலும் திருத்தினேன். கொச்சை என்றேன். இழிவழக்கு என்றேன். அக்காலத்தில் வீட்டில் தமிழ் இருந்தது. ஆதலால் நான் அடித்ததை வீடு மீண்டும் கொடுத்துவிடும் என்று நம்பினேன். வீடு மாறிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆங்கில ஆசிரியர் வகுப்பில் எவ்வளவு கண்டித்தாலும், அவர் மாணவர்க்குத் திடல் இருந்தது, பேருந்து இருந்தது, உணவங்காடி இருந்தது. என் மாணவர்க்கு அவை எவையும் தமிழில் இல்லை. ஆங்கிலத்தின் திசைவழக்கு காட்டுமரம்போல் தானே வளர்ந்தது. தமிழின் திசைவழக்கை நாம் தொட்டிச் செடி என்று அறியாமல் கத்தரித்துக்கொண்டிருந்தோம்.

கல்வி அமைச்சு அமைத்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்ததை நீங்கள் அறிவீர்கள். அன்று அதை எதிர்த்துப் பேசியவர்களுள் நானும் ஒருவன். மேடையில் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுத்துத்தமிழ் கெட்டுவிடும் என்றேன். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, எழுத்துத்தமிழுக்கு வந்த இடர் பேச்சுத்தமிழால் வரவில்லை. பேச யாருமில்லாததால் எழுதும் விருப்பமும் குன்றியதுதான் இடர். ஒரு மொழியில் சண்டையிட்டுப் பார்க்காத பிள்ளை அதில் கட்டுரை எழுதும், கதை எழுதாது.

இன்றும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் சென்னைத் தொலைக்காட்சியின் பேச்சுத்தமிழை ஒத்திருக்கிறது. இங்குள்ள தாத்தா ‘பசாருக்குப் போயிட்டு வரேன்’ என்கிறார். ‘கோப்பி குடிச்சியா’ என்கிறார். இளமையில் ஆசிரியரிடம் ‘ரோத்தான்’ அடி வாங்கியதைச் சொல்கிறார். இவை மலாய்க் கலப்பு என்று நாம் ஒதுக்கினால், அந்த மலாயிலேயே ‘கப்பல்’, ‘கடை’, ‘பெட்டி’, ‘கட்டில்’ என நம் சொற்கள் சற்றே வடிவம் மாறி நூற்றாண்டுகளாகக் குடியிருப்பதை என்ன செய்வது? ஆசிரியர்களாகிய நாம் அந்தத் தாத்தாவின் தமிழைத் திசைவழக்கு என்று பெயர் சொல்லி, அது எங்கே பொருந்தும், தேர்வுத்தாளில் எங்கே பொருந்தாது என்று கற்பிக்க இயலும். தேர்வுத்தாளில் ‘பசார்’ என்று எழுதச் சொல்லவில்லை. பேரன் அந்தச் சொல்லைக் கேட்கும்போது தாத்தாவுக்குத் தமிழ் தெரியவில்லை என்று எண்ணாதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்களிடம், வீட்டில் மூத்தோர் சொல்லும் பழைய இடப்பெயர் ஒன்றைக் கேட்டு ஒரு பத்தி எழுதி வருமாறு சொன்னேன். பலர் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள். ஒரு மாணவன் மட்டும், ‘என் பாட்டியின் தந்தை சுண்ணாம்புக் கம்பத்தில் வாழ்ந்தார்’ என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, அக்காலத்தில் மனிதர்கள் கம்பத்தின்மேல் எப்படி வாழ்ந்தார்கள் என்று தனக்கு விளங்கவில்லை என்றும் நேர்மையோடு சேர்த்திருந்தான். அகராதியைப் பார்த்திருக்கிறான், கம்பம் என்றால் தூண் என்று இருந்திருக்கிறது.

அவனை எழுந்து படிக்கச் சொன்னேன். வகுப்பு சிரித்து அடங்கிய பிறகு, அந்தக் ‘கம்பம்’ மலாயின் ‘கம்போங்’ என்றும், சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் தமிழர் இட்ட பெயர் அது என்றும் சொன்னேன். பேராலயச் சுவரைப் பற்றியும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தி, ‘ஐயா, அந்தக் கம்பத்துக்குப் போக எந்த எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்கணும்?’ என்று கேட்டாள். லிட்டில் இந்தியா என்றேன். ‘அது எங்க பாட்டி வீட்டு ஸ்டேஷன் லா!’ என்றாள்.

அவளைத் திருத்தவில்லை. உங்கள் வினாக்களுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார்.